இடது கை இன்ஸ்பெக்டர்

எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் பின்பக்கமாகத்தான் திறப்பார். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, யார் வெளியிட்டது, எந்த அச்சகம், எந்த ஊர் என்று, அதைப் படித்து முடித்த பிறகுதான் அட்டைக்கே வருவார். புத்தகம் என்றில்லை. நாள்காட்டி, மருந்துப் பெட்டி, எங்கள் கம்பெனியின் பாதுகாப்புக் கையேடு, எல்லாவற்றுக்கும் அதே விசாரணைதான்.

"மொதல்ல யாரு செஞ்சதுன்னு தெரியணும் சார். என்ன செஞ்சிருக்கான்ங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

ஓமானில் சோஹார் துறைமுகத்தை ஒட்டித் தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்படி எழும்பிய ஒன்றில் நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அவர் சாரம் கட்டும் ஆட்களின் ஃபோர்மேன். சொந்த ஊர் சிவகாசி. தொழிலாளர் கேம்ப்பில் இருந்த தமிழர்கள் அவரை அண்ணாச்சி என்றார்கள், பாகிஸ்தான்காரர்கள் பாய் என்றார்கள், நான் ஃபோர்மேன் என்றேன். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும்.

சாரம் கட்டி முடித்ததும் சோதித்துப் பார்த்து அதில் பச்சை அட்டை தொங்கவிடுவார்கள். ஏறலாம் என்று அர்த்தம். ஒருநாள் காலை ஏழு மணிக்கு, பச்சை அட்டை தொங்கிய ஓர் உயரமான சாரத்தில் அவரே ஏறிப் போய் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டார். பெயின்டர்கள் இருபது பேர் கீழே நின்றார்கள். புராஜெக்ட் மேனேஜர் ஓடி வந்து, இது யார் செய்த வேலை என்று இந்தியில் கத்தினார்.

"கோன் கியா? யே கிஸ்கா காம் ஹை?"

"மேரா" என்றார் அவர், என்னுடையதுதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "மூணாவது தட்டுல குழாயப் பிடிக்கிற ஒரு கிளாம்ப்ப நான் இழுத்துப் பாக்காம விட்டுட்டேன் சார். காலைல பல்லு வெளக்கும்போது ஞாபகம் வந்துச்சு. தப்பு என்னுது" என்றார்.

தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி அவர் அதைச் சொல்லவில்லை. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவன் வீட்டு வாசலில் நின்று அறிவிப்பதைப்போலச் சொன்னார். எப்போதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் அவர் முறை வந்து சமைத்தால், யாரும் வாயில் வைப்பதற்கு முன்பே கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவார். "கவனிங்கப்பா. சாம்பார்ல உப்பு ரெண்டு தடவை விழுந்துடுச்சு. தப்பு என்னுது. தயிர் நெறைய இருக்கு. யல்லா, வாங்க, உக்காருங்க."

முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். பிறர் தப்பைக் கண்டுபிடித்துப் படிவத்தில் எழுதுவதுதான் என் பிழைப்பு. தன் தப்பைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்த ஆளை அவர் ஒருவரைத் தவிர நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்களைச் சேர்த்து வைத்தது என் மேசை இழுப்பறை. படக்கதைப் புத்தகங்கள் சேர்ப்பது என் பழக்கம். ஆங்கில இலக்கியமும் படித்த பொறியாளன் என்று பெயர் வாங்கியவனுக்கு அது கொஞ்சம் வெட்கமான பழக்கம். அதனால் வரைபடங்களுக்கு அடியில் வைத்துப் படிப்பேன். ஒரு கையெழுத்துக்காக வந்த ஃபோர்மேன், வரைபடத்துக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த புத்தகத்தை உருவினார். பின்பக்கமாகத் திறந்தார். பொடி வரியைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"இந்த மெஷின் எனக்குத் தெரியும் சார். எண்ணெய் கக்கும். ஓரத்துல பாருங்க, மஞ்சள் கலர் கோட்டத் தாண்டி ஒரு நூல் வெளிய நிக்குது. அதோட புத்தியே அதுதான்."

அதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியங்களில் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். என் மனைவி கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டு, நான் சொல்லும் சரித்திரத்தைக் கேட்பார். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள்களோடு கலர் படக்கதைத் தாள்கள் வந்ததையும், அவற்றை அடித்த பெரிய இயந்திரங்கள் மற்ற நாட்களில் வேலை இல்லாமல் நின்றதையும், அந்தத் தாளை இன்னும் ஒருமுறை மடித்தால் ஒரு சிறு புத்தகம் ஆகும் என்று விற்பனை ஆள் ஒருவருக்குத் தோன்றியதையும் சொன்னேன். முதலில் சோப்புக்கும் மாவுக்கும் இலவச இணைப்பாகக் கொடுத்தார்கள், பிறகு காசுக்கு விற்றார்கள் என்றேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நம்ம ஊர்லயும் அதேதான் சார். காலண்டர் சீசன், டைரி சீசன் முடிஞ்சா தை மாசத்துக்கு அப்புறம் மெஷின் சும்மா நிக்கும். மெஷின் சும்மா நின்னா மொதலாளிக்குச் சோறு எறங்காது. அதுக்குப் போடுற தீனிதான் இந்தப் புத்தகமெல்லாம்."

"அதற்கு முன்னால் அங்கே மட்டமான தாளில் துப்பறியும் கதை, திகில் கதை எல்லாம் மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாளில் வந்த பழைய படங்கள் தீர்ந்துபோனதும், அந்த முதலாளிகள்தான் புதுப் படக்கதைகள் போட இறங்கினார்கள்."

"மட்டம்னா, சாணித்தாளா?"

"சாணித்தாளேதான். அட்டை மட்டும் பளபளவென்று இருக்கும். ரயில் நிலையக் கடையில் தூரத்திலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும்."

"அட்டையில கத்தி, உள்ள சாணி." உரக்கச் சிரித்தார். "சரி, வரைஞ்சவன் பேரு போட்டானா?"

"ஆரம்பத்தில் பெரும்பாலும் போடவில்லை. முதலாளி பெயர் மட்டும்தான்."

காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அங்கயுமா?" என்றார்.

அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் ஃபிலிம் ஒட்டும் வேலை. கீழே பல்பு எரியும் கண்ணாடி மேசை. அதன் மேல் பக்கத்துக்குப் பக்கம் ஃபிலிம் துண்டுகளை அடுக்கி ஒட்டித் தர வேண்டும். மாதாமாதம் வரும் துப்பறியும் படக்கதை ஒன்றில், கொலைகாரன் இடது கைக்காரன் என்பதுதான் துப்பு. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஆளாளாகச் சோதிப்பார். நடுவில் ஒரு பெரிய படம். யாரும் பேசாத படம். இன்ஸ்பெக்டர் தரையில் கிடக்கும் கத்தியை எடுக்கிறார். அந்த ஃபிலிமை இவர் புரட்டி ஒட்டிவிட்டார். எழுத்து இருந்திருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்று காட்டிக்கொடுத்திருக்கும். எழுத்தில்லாத படம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அச்சாகி வந்த புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் இடது கையால் கத்தியை எடுத்தார்.

"கவனமாப் படிக்கிறவன் என்ன சார் நெனப்பான்? இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன்னு நெனப்பான். கதையே செத்துப்போச்சு!"

முதலாளி எல்லாக் கட்டுகளையும் நிறுத்தச் சொன்னார். ஃபிலிம் ஒட்டியவர்கள் மூன்று பேர். யார் ஒட்டியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. முதலாளி கேட்டு முடிப்பதற்குள் இவர் முன்னால் வந்து, "தப்பு என்னுது" என்றார். அன்றே வேலை போயிற்று. படம் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். பிழையான பிரதிகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பழைய தாளாகப் போயின.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தப்பான புத்தகம் ஒன்று அச்சானதாகவே முதலாளி வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்தால் ஏஜென்ட்டுகள் நம்பமாட்டார்கள். பிறகு ஏன் பையனை நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களிடம், "பேப்பர் கட்டு ஒண்ணு காணோம்" என்று மட்டும் சொன்னார். அது போதாதா? சிவகாசி முழுக்க இவர் பேப்பர் திருடன் ஆனார். எந்த அச்சகமும் உள்ளே விடவில்லை. கட்டட வேலைக்குப் போனார், பம்பாய் போனார், வளைகுடாவுக்கு வந்தார்.

"ஒரு கட்டு மட்டும் வெளிய போச்சு சார். திருநெல்வேலி லாரில ஏத்துனத நான் கண்ணால பாத்தேன். அது திரும்பி வரல. எங்கயோ ஒருத்தன்கிட்ட அந்தப் புத்தகம் இருக்கும். அது கெடச்சா, நான் திருடல, தப்புத்தான் பண்ணேன்னு காட்டிருவேன்."

திருடவில்லை, தப்புத்தான் பண்ணினேன். முப்பது வருடமாக அவர் தேடியது அந்த ஒரு வாக்கியத்துக்கான சாட்சியை.

அவர் போனதும் நான் அலமாரியைத் திறந்தேன். அவர் சொன்ன பெயரில் ஒரு புத்தகம் என்னிடம் இருந்தது. இளைஞனாகப் பயிற்சியில் இருந்த நாட்களில் திருநெல்வேலி சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வாங்கியது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நடுப்பக்கம் வந்தேன். இன்ஸ்பெக்டர் இடது கையால் கத்தியை எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வைத்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. தரக்கட்டுப்பாட்டு மேலாளர்!

கேம்ப் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் சைட்டில் பார்த்தேன், சொல்லவில்லை. சொன்னால் புத்தகத்தைக் கேட்பார், கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதைவிட மோசமான நினைப்பு வந்தது. உலகத்தில் மிஞ்சிய ஒரே பிரதியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தவன் நான். நல்ல மேடை கிடைக்கும்போது நான்தான் வெளியிட வேண்டும். இப்படியே ஒன்றரை வருடம் போனது.

அந்த ஒன்றரை வருடத்தில் அவர் ஊருக்கு லீவில் போனார். இரண்டு மாத லீவில் பாதியை மதுரையிலும் திருநெல்வேலியிலும் பழைய புத்தகக் கடைகளில் கழித்துவிட்டு வந்தார். கறுத்துப்போயிருந்தார்.

"கிடைத்ததா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். வாய் கூசாமல் கேட்டேன்.

"மாஃபி சார், கெடைக்கல" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கலாஸ், முடிஞ்சுதுன்னு விட்டுர முடியுமா? அடுத்த லீவு இருக்குல்ல."

கிரேன் ஓட்டிய முருகேசன் அவர் தெருக்காரன். டீ நேரத்தில் சீண்டுவதே அவன் பொழுதுபோக்கு. "அண்ணாச்சி, ஸ்டோர்ல ஒரு பண்டல் பேப்பர் கொறையுதாம், பாத்தீங்களா?" என்பான். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். "பேப்பர் மட்டும்தானா, பேனாவும் கொறையுதா பாருடா" என்பார். ஒருமுறை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சிரிப்பு முடிந்ததும் அவர் தன் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார், மறுபடி அவிழ்த்தார். நான் டீயை முடித்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

மேடை கிடைத்தது. சோஹாரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்து அரங்கத்தில் படக்கதைக் கண்காட்சி வைப்பது என்றும், நான் பேசுவது என்றும் முடிவாயிற்று. பக்கங்களைத் தொங்கவிடச் சட்டங்கள் வேண்டும். சாரக் குழாய்களைவிட மலிவாக என்ன கிடைக்கும்? கேம்ப்புக்குச் சொல்லி அனுப்பினேன். ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் ஃபோர்மேனே வந்து நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, காலில் சேஃப்டி ஷூ. பின்னால் கம்பெனி பஸ்ஸில் முப்பது பேர், முருகேசன் உட்பட.

"சார் பேசுறாருன்னு சொன்னேன். எல்லாரும் கெளம்பிட்டானுங்க."

சட்டங்களை அழகாகக் கட்டினார். கடைசியில் சிவப்பு அட்டையா பச்சை அட்டையா என்று கேட்டு, தானே பச்சையை மாட்டினார். மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி துணி போர்த்தி இருந்தது. அது என்ன என்று அவர் கேட்கவில்லை.

நான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைத் தாள், மடிப்பு, இலவச இணைப்பு, மட்டமான தாளில் வந்த திகில் கதைகள், எல்லாம் சொன்னேன். "சும்மா நிற்கும் இயந்திரத்துக்குப் போட்ட தீனிதான் இந்தப் புத்தகங்கள்" என்றபோது கைதட்டினார்கள். அது யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. பின்வரிசையில் அவரும் கைதட்டினார். பிறகு துணியை விலக்கி, தமிழில் அச்சுப்பிழையோடு வெளியேறிய ஓர் அரிய பிரதி இது, என் சேகரிப்பு என்று சொல்லி, படத்தைத் திரையில் காட்டினேன். இன்ஸ்பெக்டர் இடது கையை நீட்டிக்கொண்டு சுவர் உயரத்துக்கு நின்றார்.

நாற்காலி ஒன்று விழும் சத்தம் கேட்டது.

நடுவழியில் நடந்து வந்தார். ஓடவில்லை. மேடைக்கு வந்து கையை நீட்டினார். நான் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். சுவரில் அவ்வளவு பெரிதாக இருந்த படத்தை அவர் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தார். கடைசிப் பக்கத்தை நின்று நிதானமாகப் படித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் படித்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு நடுப்பக்கத்துக்கு வந்து, விரலால் அந்த இடது கையைத் தொட்டார். தொட்டதும் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"டேய் முருகேசா! இங்க வாடா!"

முருகேசன் வந்தான்.

"இந்தப் படத்துல எந்தக் கைடா?"

"இடது கை அண்ணாச்சி."

"கொலைகாரனுக்கு எந்தக் கைன்னு போட்டிருக்கு? சத்தமாப் படி."

முருகேசன் முதல் பக்கங்களைத் தேடி எழுத்துக் கூட்டிப் படித்தான். "கொலையாளி இடது கைப் பழக்கம் உள்ளவன்..." படிக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. தெருவில் சிறு வயதிலிருந்து கேட்ட கதையும், டீ நேரத்தில் தான் அடித்த நக்கலும் அவன் முகத்தில் வந்து போயின. "அண்ணாச்சி... அப்போ நீங்க சொன்னதெல்லாம்..."

அவர் காத்திருக்கவில்லை. மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இந்த ஃபிலிமத் திருப்பி ஒட்டுனவன் நான்தான். தப்பு என்னுது!"

முதலில் எழுந்து தட்டியவர்கள் பஸ்ஸில் வந்த முப்பது பேர். பிறகு டாக்டர்களும் இன்ஜினியர்களும் அவர்கள் மனைவிமார்களும் எழுந்து நின்றார்கள். நான் நாற்பது நிமிடம் பேசி வாங்கிய கைதட்டலை இரண்டு சொல்லில் தாண்டிவிட்டார். அதன் பின் அது அவருடைய நாள். ஒரு பெரிய தாளை எடுத்து மடித்துக் காட்டினார், ஃபிலிமை எப்படிப் புரட்டினேன் என்று ஒரு டாக்டர் கொடுத்த எக்ஸ்ரே தாளை வைத்து நடித்துக் காட்டினார், இன்னொரு தடவை என்று கேட்டார்கள், இன்னொரு தடவை காட்டினார். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்க, அவர் இந்தியில் பதில் சொன்னார். முருகேசன் அவர் பக்கத்திலேயே நின்று, கூட்டத்தை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தான்.

புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்றார்.

"பெட்டியிலயே இருக்கட்டும் சார். நாலு பேர் பாக்கட்டும். எனக்குக் கலர்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டுக் குடுங்க." கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்: "எப்ப சார் கெடச்சுது?"

"போன மாதம்தான். ஊரிலிருந்து ஒருவர் அனுப்பினார்."

என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி சார்" என்றார்.

அந்த லேமினேஷனை அடுத்த லீவில் ஊருக்குக் கொண்டுபோனவன் முருகேசன். தெருமுனை டீக்கடையில் கண்ணுக்கு நேரே மாட்டிவிட்டு, அங்கிருந்தே போன் போட்டான். ஃபோர்மேன் ஸ்பீக்கரில் வைத்து எல்லாருக்கும் கேட்கவிட்டார். "மாட்டிட்டேன் அண்ணாச்சி. டீ குடிக்க வர்றவன் ஒருத்தன் விடாம நானே நின்னு வெளக்கம் சொல்றேன்." பழைய அச்சகக்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம். அந்த வாரம் மெஸ்ஸில் பாயசம்; சர்க்கரை சரியாக இருந்தது. அதையும் கரண்டியைத் தட்டித்தான் அறிவித்தார்.

அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் அமீரகத்தில், அல் ஐனில் வேறு வேலைக்குப் போனார். நான் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குக் கிளம்பினேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போதுதான் அந்தப் பிரதியைக் கடைசிப் பக்கத்தில் திறந்தேன். பொடி வரிக்குக் கீழே, நீல மசியில், என் கையெழுத்து. திருநெல்வேலி சந்திப்பு. மாதம், வருடம். வாங்கும் புத்தகத்திலெல்லாம் கடைசிப் பக்கத்தில் அப்படி எழுதுவது என் இளவயதுப் பழக்கம், மறந்தே போயிருந்தேன். மேடையில் அவர் முதலில் படித்தது அதைத்தான். புத்தகம் முப்பது வருடமாக என்னிடம் இருந்தது என்று தெரிந்துகொண்டேதான், முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து, தன் தப்பை மட்டும் சொன்னார். என் தப்பைச் சொல்லும் வேலையை எனக்கே விட்டு வைத்தார். "எப்ப சார் கெடச்சுது" என்று ஒரு வாய்ப்பும் கொடுத்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் எனக்குப் பல வருடம் ஆயிற்று. இப்போது எழுபத்தெட்டு வயது. போன மாதம் முருகேசனைப் பிடித்து அவருடைய சிவகாசி விலாசம் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில், முதலாளி பெயர் இருந்த பொடி வரிக்குக் கீழே, ஃபிலிம் ஒட்டியவர் என்று போட்டு அவர் பெயரை முழுசாக எழுதினேன். அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடம் அதுதான். அதனால்தான் இங்கே எழுதவில்லை. என் பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: உங்கள் கதையைக் கேட்ட அன்றே இது என் அலமாரியில் இருந்தது. ஒன்றரை வருடம் மறைத்தேன், பிறகு பொய் சொன்னேன். தப்பு என்னுடையது.

கூரியரில் அனுப்பினேன். நான்காம் நாள் போன் வந்தது. அதே கரண்டி தட்டும் குரல்.

"சார், புத்தகம் வந்துச்சு. பின்னாலருந்துதான் தொறந்தேன்."

"கடைசி வரியையும் படித்தீர்களா?" என்றேன்.

"இப்பதான் சார் இந்தப் பக்கம் முழுசா அச்சாயிருக்கு" என்றார். "பச்சை அட்டை மாட்டிரலாமா?"